உழைச்செல்வானுக்கு ஒரு குவளைக் கஷாயம்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தின் உறுப்புகளை நான்கு என்று எண்ணிக் காட்டுகிறார். நோயுற்றவன் ஒருவன், நோயைத் தீர்ப்பவன் ஒருவன், மூன்றாவது மருந்து, நான்காவது உழைச்செல்வான். ‘உழை’ என்னும் சொல்லுக்குப் பக்கம் என்பது பொருள். நோயாளியின் பக்கத்தில் இருந்து, வேளை தவறாமல் மருந்து கொடுத்து, பணிவிடை செய்து, இரவில் விழித்திருப்பவரே உழைச்செல்வான். வடமொழி மருத்துவ நூலாகிய சரக சம்ஹிதையும் மருத்துவர், மருந்து, பணிவிடையாளர், நோயாளி என்று இதே நான்கினை மருத்துவத்தின் நான்கு கால்களாகக் கூறும். பணிவிடை முறையை அறிந்திருத்தல், திறமை, நோயாளியிடத்து அன்பு, தூய்மை ஆகிய நான்கும் பணிவிடையாளருக்கு வேண்டிய இயல்புகள் என்றும் அந்நூல் வகுத்துரைக்கும்.

ஆகவே, நோயாளியின் பக்கத்தில் இருப்பவரை நம் முன்னோர் மறந்துவிடவில்லை. மருந்துக்குச் சமமாக அவரை வைத்து எண்ணினார்கள். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. அந்தப் பணிவிடையாளர் தாமே சோர்ந்துபோனால் என்ன செய்வது? மாதக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் ஒரு தாயோ, மனைவியோ, மகனோ, மருமகளோ ஒரே கட்டிலருகில் கழிக்க நேரும்போது அவர்கள் மனத்தில் ஏறும் பாரத்தை இறக்குவது யார்? இக்கேள்விக்கு விடை தேடிய வரலாற்றில் மூலிகைக் கஷாயத்துக்கு ஓர் இடம் உண்டு. பெங்களூரு நகருக்கும் ஓர் இடம் உண்டு. அவ்விரண்டையும் இன்று நாம் சேர்த்து நோக்குவோம்.

முதலில் கஷாயத்தைப் பார்ப்போம். சித்த மருத்துவத்தில் ‘குடிநீர்’ என்னும் சொல் வெறும் தண்ணீரைக் குறிப்பதன்று. இடித்த சரக்குகளைத் தண்ணீரில் இட்டுக் காய்ச்சி, நான்கில் ஒரு பங்காகவோ எட்டில் ஒரு பங்காகவோ வற்றவைத்து வடித்து எடுப்பதே குடிநீர். நிலவேம்புக் குடிநீர், கபசுரக் குடிநீர் என்னும் பெயர்களை அண்மைக் காலத்துக் காய்ச்சல்களின்போது நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். இவை நோய்க்கு உரியவை. இவற்றுக்கு அப்பால், நோய் என்று சொல்ல இயலாத அலுப்புக்கும் தலைக்கனத்துக்கும் உறக்கமின்மைக்கும் வீட்டுப் பெண்டிர் காய்ச்சிக் கொடுத்த இலேசான கஷாயங்கள் பல. சுக்கும் மல்லி விதையும் சீரகமும் சேர்ந்த நீர், துளசி நீர், ஓம நீர், எலுமிச்சம்புல் இட்ட நீர் முதலியன அவ்வகையின. இவற்றின் சரக்குகள் மருந்துப் பெட்டியில் இருப்பவை அல்ல. அஞ்சறைப் பெட்டியிலும் கொல்லையிலும் இருப்பவை. மருந்துக்கும் உணவுக்கும் நடுவே உள்ள எல்லையில் நிற்பவை. சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றின் பெயரால் ‘திரிகடுகம்’ என்று ஒரு நீதிநூலே பதினெண்கீழ்க்கணக்கில் இருப்பதிலிருந்து, இச்சரக்குகள் தமிழர் வாழ்வில் எத்துணைப் பழைமையானவை என்பது புலப்படும்.

காப்பி தமிழர் இல்லங்களில் பரவியது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமே ஆகும். தேநீரின் பரவல் அதற்கும் பிற்பட்டது. 1930களில் தேயிலை வணிகத்தை வளர்க்க நிறுவப்பட்ட அமைப்பினர் ஊர் ஊராகச் சென்று தேநீர் தயாரித்துக் காட்டி, குடிக்கக் கொடுத்துப் பழக்கினார்கள். இப்புதிய பானங்கள் வந்த பின்னரும் பழைய சுக்கு நீர் மறையவில்லை. புதியவரின் பெயரைத் தான் வாங்கிக்கொண்டது. பெரும்பாலான வீடுகளில் காப்பிக்கொட்டை ஒன்றுகூடச் சேராத அந்தப் பானத்தை நாம் ‘சுக்குக் காப்பி’ என்று அழைப்பது இதனால்தான். எனினும் இவ்விரண்டுக்கும் இடையே முக்கியமான ஒரு வேற்றுமை உண்டு. காப்பியிலும் தேயிலையிலும் உள்ள கஃபீன் என்னும் பொருள் விழிப்பைத் தருவது. நோயாளியருகில் கண்விழிப்பவர் இரவு பதினொரு மணிக்குக் காப்பி அருந்தினால், இரண்டு மணிக்குச் சற்றுத் தலைசாய்க்க வாய்ப்புக் கிடைத்தாலும் உறக்கம் வராது. சுக்கு, மல்லி, துளசி ஆகியவற்றில் அப்பொருள் இல்லை. வெதுவெதுப்பும் மணமும் தந்து, வரவேண்டிய உறக்கத்தைத் தடுக்காமல் விடுவது இவற்றின் முதல் நன்மை.

இனி, நீலசந்திராவுக்கு வருவோம். பெங்களூருவில் வாழும் நேயர்களுக்கு இப்பேட்டையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஏனையோருக்காகச் சொல்கிறோம். கண்டோன்மெண்ட் என்று வழங்கிவந்த பழைய படைவீட்டுப் பகுதிக்குத் தென்கிழக்கே, ஆஸ்டின் டவுன், விவேக் நகர், ஈஜிபுரா ஆகியவற்றை அடுத்து இது அமைந்துள்ளது. பெங்களூருவைச் சுற்றித் திப்பசந்திரா, சிங்கசந்திரா என இவ்வாறு முடியும் ஊர்ப்பெயர்கள் பல உண்டு. அவ்விறுதி ‘சமுத்திரம்’ என்பதன் திரிபு என்றும், ஏரியைச் சார்ந்த ஊரைக் குறித்தது என்றும் கூறுவர்.

இந்நகரில் தமிழரின் தொடர்பு மிகப் பழையது. தொம்மலூர்ச் சொக்கநாத சுவாமி கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டுகள் அதற்குச் சான்று. ஆனால் பெருந்தொகையினராகத் தமிழர் இங்கே குடியேறியது, 1809இல் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாற்றியதன் பின்னரே. சிப்பாய்களோடு கொத்தர், தச்சர், வண்ணார், சமையற்காரர், ஒப்பந்தக்காரர், எழுத்தர் ஆகியோரும் வந்தனர். 1834இல் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு இங்கே நிலைகொண்டது. 1881இல் மைசூர் இராஜ்யம் மீண்டும் உடையார் மன்னரிடம் ஒப்படைக்கப்பட்டபோதும் இப்படைவீட்டுப் பகுதி ஆங்கிலேயர் ஆட்சியிலேயே இருந்தது. 1947இல் அது மைசூரிடம் திரும்பியது. 1949இல் இரு பகுதிகளும் ஒரே மாநகராட்சியின் கீழ் இணைந்தன. இவ்வரலாற்றின் காரணமாகவே இப்பகுதியின் தெருக்களில் தமிழும் கன்னடமும் உருதுவும் இன்றும் அடுத்தடுத்த வாசல்களில் ஒலிக்கின்றன.

மொழிகள் கலந்த இடத்தில் அடுப்பங்கரைகளும் ஒன்றுக்கொன்று அறிமுகமாயின. தமிழ் வீட்டில் சுக்கு மல்லி கொதிக்கும் வேளையில், கன்னட வீட்டில் மல்லியும் சீரகமும் மிளகும் வறுத்துப் பொடித்து, பாலும் வெல்லமும் சேர்த்த ‘கஷாயம்’ கொதிக்கும். மலைநாட்டிலும் கடற்கரைப் பகுதியிலும் கன்னட மக்கள் அதனைக் காப்பிக்கு மாற்றாகவே அருந்துவர். உருது பேசும் வீட்டில் அதற்கு ‘ஜோஷாந்தா’ என்று பெயர். கொதிக்கவைத்தது என்பது அப்பாரசீகச் சொல்லின் பொருள். யூனானி மருத்துவர்கள் ‘பாபூனா’ என்று வழங்கும் சிறு வெண்பூவைத்தான் மேனாட்டார் ‘கமோமில்’ என்று தேநீராக்கிக் குடிக்கின்றனர். இன்று கடைகளில் அழகிய அட்டைப் பெட்டியில் விற்கும் அப்பூவை நம் அண்டை வீட்டார் நெடுங்காலமாக அறிந்திருக்கின்றனர்.

இத்துணைச் சரக்குகள் அறிந்திருந்தும், குடிபெயர்ந்து வந்த குடும்பத்தில் ஒரு குறை தோன்றியது. ஊரில் இருந்தபோது, நோயாளியருகில் ஒருத்தி அமர்ந்திருந்தால், அவளுக்குக் கஷாயம் காய்ச்சித் தரச் சமையலறையில் மற்றொருத்தி இருந்தாள். அத்தையோ, நாத்தனாரோ, எதிர் வீட்டுப் பாட்டியோ குவளையைக் கையில் கொடுத்து, “நீ போய்ச் சற்றுப் படு, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்வாள். பிழைப்பைத் தேடி வந்த ஊரில், ஓர் அறையும் அடுப்பங்கரையும் உள்ள வீட்டில், அந்த இரண்டாமவள் இல்லை. கஷாயம் காய்ச்ச வேண்டியவளும் அதனை அருந்த வேண்டியவளும் ஒருத்தியே ஆனாள். பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் உள்ள நம்மவர் பலரும் அனுபவத்தில் அறிந்த நிலையே இது.

நீலசந்திராவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், ஓசூர் சாலையில், நாடறிந்த ஒரு மனநல மருத்துவமனை உள்ளது. 1847இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற மனநோயாளர் காப்பகத்திலிருந்து வளர்ந்தது அது. 1925இல் மைசூர் அரசு மனநோய் மருத்துவமனை என்று பெயர் பெற்றது. 1954இல் அதனோடு அனைத்திந்திய மனநல நிறுவனம் அமைந்தது. 1974இல் இரண்டும் இணைந்து, இன்று ‘நிம்ஹான்ஸ்’ என வழங்கும் தேசிய நிறுவனமாயின. அதன் அருகிலேயே 1973இல் கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிறுவனமும் தொடங்கியது. பல மாவட்டங்களிலிருந்தும் அண்டை மாநிலங்களிலிருந்தும் நோயாளர் இவ்விடங்களுக்கு வருகின்றனர். ஒவ்வொரு நோயாளிக்கும் பின்னால் ஒரு பையும் ஒரு பிளாஸ்க்கும் ஏந்திய உறவினர் ஒருவரேனும் வருகிறார்.

பழைய காப்பகங்களில் இத்தகைய உறவினருக்கு இடமில்லை. நோயாளியை வாயிலில் ஒப்படைத்துவிட்டு அவர்கள் திரும்ப வேண்டும். அவ்வழக்கம் 1950களில் நம் நாட்டில் மாறத் தொடங்கியது. அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் மருத்துவமனை நிலத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளியின் உறவினர்களை அங்கேயே தங்கச் செய்தார். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவும் உறவினர் ஒருவர் நோயாளியுடன் தங்குவதையே முறையாகக் கொண்டது. பெங்களூரிலும் குடும்பத்தினருடன் நோயாளர் தங்கும் பிரிவு பின்னர் அமைந்தது. நோயாளர் விரைவில் தேறி வீடு திரும்புவதற்கு இது உதவிற்று. வள்ளுவர் எண்ணிய நான்காமவர் மருத்துவமனைக்குள் மீண்டும் நுழைந்தார் என்று சொல்லலாம்.

நான்காமவர் உள்ளே வந்த பிறகுதான் அவருடைய துயரம் மருத்துவர் கண்ணில் பட்டது. 1980இல் அமெரிக்காவில் ஸ்டீவன் ஸாரிட் என்பவரும் அவர் துணைவர்களும், மறதி நோயுற்ற முதியோரைப் பேணுவோரின் சுமையை அளக்க ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார்கள். மறு ஆண்டிலேயே, 1981இல், பெங்களூரு நிம்ஹான்ஸைச் சேர்ந்த ஷைலா பாயும் ஆர். எல். கபூரும், மனநோயாளரின் குடும்பச் சுமையை அளப்பதற்கு நம் நாட்டு வாழ்க்கைக்குப் பொருந்திய வினாப்பட்டியல் ஒன்றை உருவாக்கி வெளியிட்டார்கள். அதில் 24 வினாக்கள். அவை ஆறு தலைப்புகளில் அடங்கும். பணச்சுமை, அன்றாட அலுவல்களின் குலைவு, ஓய்வும் பொழுதுபோக்கும் இழத்தல், குடும்பத்தாரிடையே பிணக்கு, மற்றவர்களின் உடல்நலக் கேடு, மற்றவர்களின் மனநலக் கேடு என்பன அவை. ‘மனக்கவலை’ என்று ஒரே சொல்லில் நாம் ஒதுக்கிவிடும் ஒன்று, இவ்வாறு ஆறு கூறுகளாக விரித்து எழுதப்பட்டது. அவர்கள் 1983இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, மனச்சிதைவு நோயாளரின் வீட்டுக்கே செவிலியர் ஒருவர் சென்று கவனித்து வந்தால் நோயாளரும் தேறுகின்றனர், குடும்பத்தின் சுமையும் பெரிதும் குறைகிறது என்று காட்டிற்று.

இந்த ஆறு கூறுகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு மீண்டும் கஷாயக் குவளையைப் பார்ப்போம். பணச்சுமையை அது குறைக்காது. பிணக்கைத் தீர்க்காது. இழந்த ஓய்வில் ஒரு கால் மணியை அது திருப்பித் தரக்கூடும். மனத்துக்குச் சிறிது அமைதியும் தரக்கூடும். எவ்வளவு தரும் என்பதை ஆராய்ச்சியாளர் சோதித்துப் பார்த்துள்ளனர்.

தைவான் நாட்டில், பிள்ளை பெற்று உறக்கமிழந்திருந்த தாய்மார் 80 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவு 2016இல் வெளியாயிற்று. பச்சிளங் குழந்தையைப் பேணும் தாயும் இரவெல்லாம் விழித்திருக்கும் உழைச்செல்வாள் அன்றோ! அவர்களில் ஒரு பாதியினர் இரண்டு வாரங்கள் கமோமில் பூ இட்ட நீரை அருந்தினர். மறு பாதியினர் வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றனர். இரண்டு வார முடிவில், அருந்தியவர்களின் உறக்கக் குறைவால் வந்த உடல் தொல்லைகளும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. ஆனால் நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது இரு சாராரும் ஒரே நிலையில் இருந்தனர். லாவண்டர்ப் பூ நீரைக் கொண்டு நடத்திய இத்தகைய சோதனையிலும் பயன் குறுகிய காலத்ததாகவே இருந்தது. 2009இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் பதற்ற நோயுற்ற 57 பேரைக் கொண்டு நடத்திய சோதனையில், கமோமில் சாற்றை மாத்திரைக் கூட்டில் அடைத்துக் கொடுத்து, மிதமான பயன் கண்டனர். அது செறிவூட்டிய சாறு. குவளையில் நாம் அருந்தும் நீரன்று.

தைவான் சோதனையில் நாம் கூர்ந்து நோக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. மறு பாதித் தாய்மாருக்கு எந்தப் பானமும் தரப்படவில்லை. ஆகவே, பயன் தந்தது பூவா, அல்லது நாள்தோறும் ஒரு வேளை அமர்ந்து வெதுவெதுப்பான ஒன்றை அருந்திய அந்த ஓய்வா என்பதை அச்சோதனை பிரித்துச் சொல்லாது. நம் வீட்டுப் பெரியோர் அறிந்திருந்ததும் இவ்விரண்டின் சேர்க்கையையே. குவளையும், அதனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நோயாளியருகில் அமர்ந்த மற்றொரு கையும் அவர்கள் வழக்கில் பிரிந்திருந்ததில்லை.

இனி, செய்முறையையும் எச்சரிக்கையையும் சுருங்கக் கூறுவோம். இருவருக்கு வேண்டிய அளவு சுக்கு மல்லி நீர் வைக்க, மல்லி விதை இரண்டு தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி, மேல்தோல் சீவித் தட்டிய சுக்கு அரை விரல் நீளம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளலாம். இவற்றை மூன்று குவளை நீரில் இட்டு, இரண்டு குவளையாக வற்றும்வரை காய்ச்சி வடிகட்டி, கருப்பட்டி சேர்க்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் கருப்பட்டியைத் தவிர்ப்பது நன்று. துளசியும் எலுமிச்சம்புல்லும் நெடுநேரம் கொதிக்க வேண்டியவை அல்ல. கொதித்த நீரில் இட்டு ஐந்து நிமிடம் மூடிவைத்தால் போதும்.

மூலிகை என்பதாலேயே தீங்கில்லை என்று கருதலாகாது. அதிமதுரத்தை நாள்தோறும் அருந்தினால் இரத்த அழுத்தம் உயரும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் முதலிய மாத்திரை உட்கொள்வோர் கமோமிலையும் மிகுதியான சுக்கையும் மருத்துவரைக் கேளாமல் அருந்தலாகாது. அமுக்கராக் கிழங்கு மன அமைதிக்கு இன்று பெரிதும் விளம்பரம் செய்யப்படுகிறது. கருவுற்ற பெண்களும், தைராய்டு, கல்லீரல் நோய் உள்ளவர்களும் அதனைத் தாமாக உண்ணுதல் தகாது. மேலும், தமக்கெனக் காய்ச்சிய கஷாயத்தை நோயாளிக்கும் கொடுத்துவிடுவது பலரிடம் உள்ள பழக்கம். நோயாளி உட்கொள்ளும் மருந்துகளோடு அது முரண்படக்கூடும். மருத்துவரிடம் சொல்லிவிட்டே கொடுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலும் உறக்கம் வராமை, காரணமின்றி அழுகை, உணவில் வெறுப்பு, வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் ஆகியவை தோன்றுமானால், அது கஷாயத்தால் தீர்வதன்று. அப்போது பணிவிடை செய்பவரே நோயாளி என்று உணர்ந்து மருத்துவரை நாடவேண்டும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ‘பராமரிப்பாளர்’ என்பதற்கு ஒரு விளக்கம் தருகிறது. மனநோய் உற்றவருடன் வாழ்ந்து, அவரைப் பேணும் பொறுப்பேற்றவர், ஊதியம் பெறினும் பெறாவிடினும், பராமரிப்பாளரே என்று அது கூறுகிறது. குறள் சுட்டிய உழைச்செல்வானுக்கு இவ்வாறு சட்டத்திலும் ஒரு பெயர் கிடைத்துள்ளது. ஆயினும் இரவு இரண்டு மணிக்கு அவர் பக்கத்தில் நின்று குவளையை நீட்டுவதற்குச் சட்டம் வராது. அதற்கு அண்டை வீட்டார்தான் வரவேண்டும்.

பிற மாநிலங்களில் வாழும் நாம் சங்கங்கள் நடத்துகிறோம். பொங்கலும் நாடகமும் கொண்டாடுகிறோம். நம்மிடையே எந்த வீட்டில் நெடுநாள் நோயாளி இருக்கிறார், அவரருகில் யார் இருக்கிறார் என்பதையும் நாம் அறிந்து வைத்திருத்தல் வேண்டும். வாரத்தில் ஒரு மாலை ஒரு பிளாஸ்க்கில் சுக்கு மல்லி நீர் கொண்டுபோய்க் கொடுத்து, இரண்டு மணி நேரம் நோயாளியருகில் நாம் அமர்ந்திருந்தால், அந்த வீட்டுப் பெண் அந்நேரம் உறங்கி எழுவாள். குவளையை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாகாது. அவள் எழுந்து வரும்வரை அங்கே இருத்தல் வேண்டும்.